நேரில் வந்து அழைக்கவில்லை

ஜனவரி 2, வியாழன்

வெல்டிங் ராடு கடைக்காரர் இந்த வருடமும் டைரி கொடுத்திருக்கிறார். அட்டையில் என் பெயரைப் போட்டு, கீழே 'மெக்கானிக்' என்று அச்சடித்திருக்கிறார். நான் மெக்கானிக் இல்லை. மெக்கானிக் என்பவர் இருக்கிற இயந்திரத்தைப் பழுது பார்ப்பவர். நான் இல்லாத இயந்திரத்தைச் செய்கிறவன். ஆத்தூர் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளில் கிழங்கைச் சீவுகிற, அரைக்கிற, சலிக்கிற இயந்திரங்களில் பாதி என் பட்டறையில் செய்தவை. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. மிச்சத்தை நானே கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எழுபத்து மூன்று வயதில் இதையெல்லாம் டைரியின் முதல் பக்கத்தில் விளக்க வேண்டியிருக்கிறது.

இன்று உலர்த்தியை மறுபடி ஓட்டினேன். நான்கு வருடமாகக் கொட்டகையில் நிற்கிற பெரிய உருளை. ஜவ்வரிசியை இன்றைக்கும் சிமெண்டுக் களத்தில் பரப்பி வெயிலில்தான் காயவைக்கிறார்கள். ஒரு மழை வந்தால் அத்தனையும் புளித்துப் போகும். என் உருளை ஓடிவிட்டால் யாரும் வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. நான் கண்ணை மூடுவதற்குள் அது ஓட வேண்டும். ஆனால் உள்ளே போடுகிற முத்துகள் மேலே காய்ந்து, நடுவில் ஈரம் நின்று, வெடித்துவிடுகின்றன. இன்றும் வெடித்தன. ஒரு மூட்டை முழுவதும் மாட்டுக்குப் போயிற்று. எங்கள் தெரு மாடுகளுக்கு என் மேல் தனி மரியாதை.

ஜனவரி 4, சனி

மகன் மோகனசுந்தரம் ஓர் அரசுத் திட்டத்தைப் பற்றிச் சொன்னான். பட்டறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து விண்ணப்பித்தால் ஆராய்ச்சிச் செலவை அரசு ஏற்குமாம். அவர்களுடைய சோதனைக்கூடத்தையும் நாம் பயன்படுத்தலாமாம். முத்து ஏன் வெடிக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம் என்றான். கடைசி நாள் ஜனவரி 31.

"எந்தப் பல்கலைக்கழகம்டா?" என்றேன்.

அவன் மோட்டாருக்கு எண்ணெய் விடப் போனான். அப்போதே விளங்கிவிட்டது. கல்வராயன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். அங்கே உணவுப் பதப்படுத்தல் துறைக்கு அந்த மனிதர்தான் தலைவர். பெயர் ஞானசிகாமணி. ஒரு தடவை எழுதியாகிவிட்டது. இனி இந்த டைரியில் எழுதுவதாக இல்லை.

முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 5, ஞாயிறு

காலையில் கருப்பட்டிக் காபி. தெற்கேயிருந்து யாரோ வருடா வருடம் பாவாயிக்குக் கருப்பட்டி அனுப்புகிறார்கள். யார் என்று கேட்டால் "தெரிஞ்சவங்க" என்கிறாள். ராசிபுரத்தைத் தாண்டாத என் மனைவிக்குத் திருநெல்வேலிப் பக்கம் ஆள் எப்படித் தெரியும்? நல்ல கருப்பட்டி. அதனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

ஜனவரி 7, செவ்வாய்

என்னைக் கேட்காமல் மோகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆளை வரவழைத்துவிட்டான். முனைவர் மெஹராஜ் பானு. முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த மனிதரிடம் படித்து, அவர் துறையிலேயே வேலை பார்க்கிறவர். விரட்டிவிடலாம் என்றுதான் வெளியே வந்தேன். அந்த அம்மா வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உருளைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். தலையை விடுகிறவர்களை நான் விரட்டுவதில்லை.

"ஐயா, நீங்க செஞ்ச கிழங்கு சீவுற மெஷினை வெச்சுத்தான் நான் டாக்டரேட் வாங்கினேன்."

"அதுல எம் பேரு இருக்குதுங்களா?"

"இருக்கு. முதல் பக்கத்துலயே இருக்கு."

ஸ்பேனரைத் துடைத்தேன்.

பிறகு என் வழக்கைச் சொன்னேன். அந்த மனிதர் மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். சீவும் இயந்திரத்தை இருவரும் சேர்ந்து செய்தோம். மத்தியானம் சாப்பாடு இங்கேதான். இயந்திரம் ஓடியது, ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. ஐந்து பேர் பெயர் போட்டிருந்தது. அதில் நான் இல்லை. கடைசி வரியில் 'உள்ளூர் இயந்திர வல்லுநர் ஒருவருக்கு நன்றி' என்று இருந்தது. ஒருவராம்! ஒன்பது வருடமாக அந்த ஒருவர் அவரிடம் பேசவில்லை.

"ஏன் அப்படிச் செஞ்சீங்கன்னு சார்கிட்ட கேட்டீங்களா?"

"நான் எதுக்குங்க கேக்கணும்?"

அந்த அம்மா ஒரு முத்தை நகத்தால் பிளந்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சோதனைக்கூடத்தில் ஈரத்தை அளந்தால் இதற்கு வழி உண்டு என்றார். ஆனால் அவர் கையெழுத்து விண்ணப்பத்துக்குப் போதாது. பேராசிரியர் ஒருவர் போட வேண்டும். அந்தத் துறையில் பேராசிரியர் ஒரே ஒருவர்தான்.

ஜனவரி 9, வியாழன்

மெஹராஜ் போன் செய்தார். அந்த மனிதர் சொல்லியனுப்பியதை அப்படியே ஒப்பித்தார்: "எம் மக கல்யாணத்துக்கு வராத மனுசன். ஒரே ஒரு தடவை இங்க வரட்டும். பேனாவை மூடாமத்தான் வெச்சிருக்கேன்."

கட்டுரையில் பெயர் போடச் சம்மதம் கேட்டு இரண்டு முறை எனக்குக் கடிதம் எழுதினாராம். இரண்டும் திரும்பி வந்தனவாம்.

கடிதம் வந்தது உண்மைதான். நான்தான் பிரிக்காமல் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, கல்யாண வேலையில் அவர் சனிக்கிழமை வராமலிருந்த சமயம், அவர் மகள் கல்யாணப் பத்திரிகை வந்தது. எப்படி வந்தது? தபாலில். எங்கள் பக்கம் விசேஷம் என்றால் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வர வேண்டும். புருஷன் பெண்டாட்டி இருவரையும் நிற்க வைத்து, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். மூன்றாம் தெரு ஆளுக்கே இந்த மரியாதை உண்டு. தபாலில் வருவது பேங்க் நோட்டீஸ். அந்தக் கவரை நான் பிரிக்கவே இல்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. அதற்குப் பிறகு அவரிடமிருந்து எந்தக் கவர் வந்தாலும் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன்.

சம்மதத்தையும் நேரில் வந்து கேட்டிருக்கலாமே? சேலத்துக்கும் ஆத்தூருக்கும் பஸ் ஓடாமலா போயிற்று?

நான் போகப் போவதில்லை. வேண்டுமானால் அவர் வரட்டும்.

ஜனவரி 11, சனி

மெஹராஜ் ஒரு வழி கண்டுபிடித்தார். இருவரும் யார் வீட்டுக்கும் போக வேண்டாம். நடுவில் வாழப்பாடியில் சந்திக்கலாம். பத்து மணிக்கு, பஸ் நிலையத்தின் எதிரில். நியாயமாகப் பட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். அந்தச் சட்டைதான் துவைத்திருந்தது, வேறு காரணமில்லை.

ஆத்தூர் பஸ் என்னைச் சாலைக்கு இந்தப் பக்கம் இறக்கியது. டீக்கடையில் உட்கார்ந்தேன். சேலம் பஸ் அவரை அந்தப் பக்கம் இறக்கியது. அவர் பேக்கரியில் உட்கார்ந்தார். நடுவில் சாலை. அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை.

சாலையைத் தாண்டிக்கொண்டிருந்தது மெஹராஜ் மட்டும்தான்.

"ஐயா, அந்தக் கடை நிழலா இருக்கு, அங்க போயிரலாமா?"

"இங்கயும் நிழலுதானுங்க."

அங்கே போனார், திரும்பி வந்தார். "சார் சொல்றார், டீக்கடைப் புகை அவருக்கு ஆகாதாம்."

"எனக்குக் கேக்கு ஆகாதுன்னு சொல்லுங்க."

மறுபடி போனார், மறுபடி வந்தார். "சரி, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுந்து பாதி பாதி வந்தா?"

"பாதியில லாரி வருதுங்களே."

இப்படி ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. டீக்கடைக்காரர், "பொண்ணு பாக்க வந்தீங்களாண்ணா, பேச்சு முடியலீங்களா?" என்று கேட்டார். 

மனிதர் இளைத்திருக்கிறார். தலை முழுக்க வெள்ளை. முன்பெல்லாம் டீயில் மூன்று கரண்டி சர்க்கரை போட்டுக்கொள்வார். இன்று பேக்கரிப் பையன் சர்க்கரை டப்பாவை நீட்டியபோது கையால் தடுத்தார். சர்க்கரை வியாதி வந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கென்ன?

பதினொன்று பத்துக்கு அவரவர் பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் வழியாகக் கையை அசைத்தது மாதிரி இருந்தது. ஈ ஓட்டியிருப்பார்.

ஜனவரி 13, திங்கள். போகி

விடியற்காலையில் காலமல்லாத காலத்து மழை. ஆலைக்காரர் செல்லப்பன் களத்தில் எட்டு டன் ஜவ்வரிசி பரப்பியிருந்தார். தார்ப்பாய் போடுவதற்குள் எல்லாம் கூழாகிவிட்டது. முட்டி வரை மாவோடு நேராக என் கொட்டகைக்கு வந்தார்.

"ஏனுங்ணா, இந்த உருளை எப்பத்தானுங்க ஓடும்? நானு செத்ததுக்கப்புறம் எம் பையன் வந்து பாக்கட்டுமா?"

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். மனிதர் உருளையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

போகிக்குப் பழையதை எரிக்க பாவாயி பரண் மேலிருந்து கிழிந்த பாய், முறம் எல்லாம் இறக்கினாள். கடைசியில் ஒரு கவரைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஒன்பது வருடத்துக் கவர். ஓரம் பிரிக்காமல் இருந்தது.

"இதையும் நெருப்புல போட்டுறலாமுங்களா? இல்ல, ஒருக்கா படிச்சுட்டுப் போடறீங்களா?"

படித்தேன். நெருப்பில் போடவில்லை. இன்றைக்கு இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் பொங்கி கிழக்குப் பக்கம் வழிந்தது. நல்லது என்றார்கள்.

ஜனவரி 16, வியாழன்

கவரில் இருந்ததை எழுதிவிடுகிறேன். கல்யாணப் பத்திரிகை. மணமக்கள் பெயர், சர்ச் பெயர், எல்லாம் முறைப்படி இருந்தது. கீழே, 'தங்கள் வருகையை எதிர்நோக்கும்' என்று பெண் வீட்டுச் சொந்தங்களின் பட்டியல். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன்கள். நான்காவது வரியில்: செ. அர்த்தநாரி – பாவாயி, ஆத்தூர்.

அழைக்கப்பட்டவர்களில் நான் இல்லை. அழைக்கிறவர்களில் இருந்தேன்.

பாவாயியிடம் போய், "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம? கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தவதானுங்களே."

ராசிபுரத்தில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொன்ன அந்த மூன்று நாள்! மோகனையும் கூட்டிக்கொண்டு அந்த மனிதரின் சொந்த ஊரான திருநெல்வேலி போய், என் பெயருக்கும் சேர்த்து வரவேற்பில் நின்றிருக்கிறாள். அந்த மனிதரின் மனைவி எஸ்தர் அம்மாவோடு மாதம் ஒரு முறை போனில் பேசுகிறாள். கருப்பட்டி அங்கேயிருந்துதான் வருகிறது. கவரில் இருந்தது தெரிந்தும் ஒன்பது வருடம் வாயைத் திறக்கவில்லையா என்று சத்தம் போட்டேன்.

"அந்தக் கவரைப் பத்திப் பேசினா ஊட்டை உட்டுப் போயிருவேன்னீங்க. எனக்கு ஊட்டுக்காரர் வேணுமா, நாயம் வேணுமான்னு யோசிச்சேன்" என்றாள். "இப்ப செல்லப்பண்ணன் அழுதுட்டுப் போனதப் பாத்ததும் நாயமே வேணும்னு தோணுச்சு."

எல்லோரும் சேர்ந்து என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். கருப்பட்டி உட்பட.

ஜனவரி 18, சனி

சேலம் போனேன். வெற்றிலை பாக்கு, தேங்காய், சர்க்கரைக்காரருக்கு ஆப்பிள் வேண்டாம் என்று கொய்யா, எல்லாவற்றையும் தாம்பூலத் தட்டில் வைத்து பாவாயி கூட வந்தாள். மன்னிப்புக் கேட்கப் போகவில்லை. அழைக்கப் போனேன். இரண்டும் வேறு.

கதவைத் திறந்தவர் தட்டைப் பார்த்தார். "அண்ணாச்சி, யாருக்குக் கல்யாணம்?" என்றார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு முதல் பேச்சு இது.

"எஸ்தரம்மாவையும் கூப்பிடுங்க. ரெண்டு பேரும் நில்லுங்க." நின்றார்கள். "வர்ற திங்கக்கெழமை எங்க கொட்டாயில உருளை ஓட்டறோமுங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கணும்."

தட்டை வாங்கிக்கொண்டார். மேசை மேல் வைத்தார். பிறகுதான் வெடித்தார்.

"அண்ணாச்சி, மூணு வருசம் உங்க வீட்டுச் சோறு தின்னவன் நான். சொந்த வீட்டு ஆளை யாராவது தட்டு வெச்சு அழைப்பாகளா? பேரைப் போட்டு அடிச்சாச்சு, முந்தின நாளே வந்து பந்தியக் கவனிப்பாகன்னு நெனைச்சேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கேக்காங்க, யாரு இந்த அர்த்தநாரி, ஆளைக் காணுமேன்னு. நான் என்ன சொல்ல? உருளை செய்யப் போயிருக்காருன்னா?"

"அப்ப உருளை இல்லீங்க. சீவற மிசினு" என்றேன்.

"இப்ப அதுவா முக்கியம்!"

எஸ்தர் அம்மா சிரித்துவிட்டார். பாவாயியும் சேர்ந்துகொண்டாள். எங்கள் பக்கம் சொந்தம் என்றாலும் அழைக்க வேண்டும், சொந்தம் என்றால் கட்டாயம் அழைக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர்கள் பக்கம் அப்படி அழைத்தால் சொந்தக்காரர், 'என்ன, என்னை அந்நியனாக்கிட்டியா?' என்று கோபித்துக்கொள்வாராம். விசித்திரமான ஊர்.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கணக்கு நேராகிவிட்டது. தேங்காய்ப்பாலில் சொதி வைத்திருந்தார்கள். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

ஜனவரி 20, திங்கள்

ஞானசிகாமணி மெஹராஜோடு வந்தார். கையில் ஈரம் அளக்கிற கருவி. வந்த பத்தாவது நிமிடம் சண்டை.

"விடாம ஓட்டுறதுதான் தப்பு அண்ணாச்சி. நடுவுல நிறுத்தி ஆறவிடணும்."

"நிறுத்துனா சூடு எறங்கிப் போயிருமுங்க. மறுபடி ஏத்தறதுக்கு வெறகு உங்க யுனிவர்சிட்டி தருமா?"

ஒரு மூட்டை வெடித்தது. மாடுகள் வாசலுக்கு வந்து நின்றன.

ஜனவரி 23, வியாழன்

இன்னும் ஒரு மூட்டை. நிறுத்த விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என் உருளை.

ஜனவரி 25, சனி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

பதினொன்றரைக்கு உருளையை ஓட்டினோம். ஒன்றரைக்கு பாவாயி சாப்பிடக் கூப்பிட்டாள். தனியாக வேலை செய்தால் நான் உருளைப் பக்கத்திலேயே நின்றபடி சாப்பிடுவேன். போன இரண்டு தடவையும் சாப்பாட்டுக்கு முன்பே ஓட்டி முடித்திருந்தோம். இன்று ஞானசிகாமணி இருந்தார். சர்க்கரைக்காரர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், விருந்தாளியைத் தனியாக உட்கார வைக்கவும் முடியாது. மோட்டாரை நிறுத்திவிட்டு உள்ளே போனோம். இலையில் உட்கார்ந்தும் நிறுத்துவதா வேண்டாமா என்பதுதான் பேச்சு. ரசம் முடிய முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்து மோட்டாரைப் போட்டேன்.

மூன்றரைக்கு முத்துகள் வெளியே வந்தன. முழுதாக, வெள்ளையாக, ஒன்றுகூட வெடிக்கவில்லை. நாங்கள் சாப்பிட்ட நேரத்தில் உள்ளே இருந்த ஈரம் மெல்ல மேலே வந்துவிட்டது என்று மெஹராஜ் அளந்து காட்டினார்.

"அஞ்சு நாளா நான் இதைத்தானே சொல்லுதேன்!" என்று ஞானசிகாமணி கத்தினார்.

"நீங்க சொல்லி நான் நிறுத்தலீங்க. சோத்துக்கு நிறுத்துனேன். கண்டுபிடிச்சது பாவாயி" என்றேன்.

மெஹராஜ் நோட்டில் எதையோ எழுதினார். பாவாயி பெயரை எழுதினாரா என்று கேட்க மறந்துவிட்டேன். செல்லப்பனுக்கு ஒரு கை முத்தை அனுப்பினேன். போன் செய்து பத்து நிமிடம் மூக்கை உறிஞ்சினார்.

ஜனவரி 31, வெள்ளி

கடைசி நாள். ஒரு மூட்டை சரியாக வந்தால் போதாது, டன் கணக்கில் ஓட்டிப் பார்க்கப் பணம் வேண்டும். மாலை ஐந்து மணிக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். விண்ணப்பம் ஆங்கிலத்தில். தெரியாத மொழியில் எழுதியதில் நான் கையெழுத்துப் போடுவதில்லை. அதனால் மெஹராஜ் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார். இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. பத்தொன்பதாவது வரி வரை சிக்கல் இல்லை.

"தொழில் நிறுவன உரிமையாளருக்கும் பேராசிரியருக்கும் இடையே எவ்விதத் தனிப்பட்ட உறவும் இல்லை என்று உறுதி கூறுகிறோம்."

"இதுல நான் போட முடியாதுங்க" என்றேன்.

ஞானசிகாமணி தலையில் கை வைத்தார். "அண்ணாச்சி, இது எல்லாரும் கண்ணை மூடிட்டுப் போடுற வரி. ரத்த சம்பந்தம் இல்லைன்னு அர்த்தம், அவ்வளவுதான்."

"எவ்விதன்னு போட்டிருக்குதே. உங்க ஊட்டுப் பத்திரிகையில எம் பேரு சித்தப்பனுக்குக் கீழ இருக்குது. நாளைக்கு எவனாவது அதை எடுத்து நீட்டினா? எழுதறதுன்னா உண்மையை எழுதோணும்."

"போன மாசம் கேட்டிருந்தா ரெண்டு பேரும் சந்தோசமாப் போட்டிருப்பாங்க" என்றான் மோகன். மணி நான்கடித்து ஐந்து நிமிடம்.

மெஹராஜ் சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்தார். உறவு இருந்தால் தள்ளிவிட மாட்டார்கள். என்ன உறவு என்று கீழே கட்டத்தில் வெளிப்படையாக எழுத வேண்டும் என்று அதிகாரி சொன்னாராம். நேர்மைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். யாரும் பயன்படுத்துவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது என்ன எழுதுவது?

"நண்பர்னு போடுங்க" என்றார் மெஹராஜ்.

"நண்பருன்னா ஒம்பது வருசம் எங்கீங்க போனாரு?" என்றேன்.

"வாழப்பாடி வரைக்கும் வந்தேனே! நீங்கதான் ரோட்டத் தாண்டல."

"நீங்க தாண்டுனீங்களா?"

"சொந்தம்னு போடுங்க" என்றான் மோகன்.

"என்ன முறைன்னு கேப்பாகளே. அண்ணாச்சி எனக்கு என்ன வேணும்?"

மணி நான்கு முப்பது. பாவாயி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள். "ஏனுங்க, என்ன முறைன்னு தெரியலீன்னா என்ன நடக்குதோ அத எழுதுங்க. மெசினு ஓடோணுமா, வேண்டாமா?"

நான் சொல்லச் சொல்ல மெஹராஜ் ஆங்கிலத்தில் அடித்தார். ஞானசிகாமணி ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. இதுதான் அது:

'இருவரும் உறவினர் அல்லர். சனிக்கிழமைகளில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இயந்திரம் சம்பந்தமாக ஒருபோதும் ஒத்துப்போனதில்லை.'

இருவரும் கையெழுத்துப் போட்டோம். நான்கு நாற்பத்தெட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணினி சொன்னது.

மார்ச் 12, புதன்

திட்டம் கிடைத்துவிட்டது.

சென்னை அதிகாரி மெஹராஜை போனில் அழைத்துச் சொன்னாராம். நூற்று எண்பது விண்ணப்பங்கள் வந்தனவாம். உறவு பற்றிய கட்டத்தில் எல்லோரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்களாம். எங்களுடையதில் மட்டும்தான் ஏதோ எழுதியிருந்ததாம். குழுவில் அதை உரக்கப் படித்தார்களாம்.

"அந்தப் பெரியவங்க ரெண்டு பேரும் இப்பவாவது ஒத்துப்போறாங்களா மேடம்?" என்று கேட்டிருக்கிறார்.

மெஹராஜ் போனைக் கொட்டகைப் பக்கம் நீட்டினாராம். உள்ளே அப்போது ஞானசிகாமணி உருளையின் சாய்வு மூன்று டிகிரி இருந்தால் போதும் என்று கத்திக்கொண்டிருந்தார்.

ஐந்துதான் வேண்டும்.